கறுப்பு டேப் சுற்றிய காசுகள்

கிளறன்ஸ் கொழும்புத் துறைமுகத்தில் லோஞ்ச் ஓட்டியவர். வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களிலிருந்து மாலுமிகளைக் கரைக்கு ஏற்றி வருவதும் திருப்பிக் கொண்டுபோய் விடுவதும் வேலை. கொட்டாஞ்சேனையில் லூசியா கோயிலுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில், ஒற்றை அறையும் குசினியுமான வீட்டில் அவரும் மனைவி மேபலும் இருந்தார்கள்.

சம்பளத்துக்கு மேல் அவருக்கு இன்னொரு வருமானமும் இருந்தது. வெளிநாட்டு நோட்டை வங்கியில் மாற்றலாம், சில்லறையை யாரும் தொடமாட்டார்கள். முந்தைய காலத்துக் கப்பல்காரன் கொண்டுவந்த பொன்னும் வெள்ளியும் எந்தத் துறையிலும் எடைக்குச் செல்லும். இந்தக் காலத்துச் சில்லறைக்கு அந்த எடையும் கிடையாது. தன் நாட்டுக் கரையைத் தாண்டினால் வெறும் தகரம். அந்தத் தகரத்தைத்தான் கிளறன்ஸ் மலிவாக வாங்குவார். சிங்கப்பூர்க் காசைச் சிங்கப்பூர் போகிறவனுக்கும், ஜப்பான் காசை ஜப்பான் போகிறவனுக்கும் கொஞ்சம் கூட்டி விற்பார். ஊர் திரும்பியதும் அது மறுபடி காசாகிவிடும். இதில் ஏமாற்று ஏதும் இருக்கிறதா என்று சில வேளை யோசித்திருக்கிறார். இல்லையென்றே பட்டது. சட்டம் என்ன சொல்லும் என்று மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

ஒரே தொல்லை சத்தம். பையில் காசு கிலுங்கினால் துறைமுக வாசலில் நிற்கிறவன் பங்கு கேட்பான். அதனால் மேபல் நாடு நாடாகப் பிரித்து, கடதாசியில் உருட்டி, மின்சாரக்காரர் பாவிக்கும் கறுப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றிக் கொடுப்பாள். அவள் சுற்றினால் குலுக்கினாலும் சத்தம் வராது. பார்வைக்குக் கறுத்த, கனத்த, விரல் நீளக் குழாய்கள். சமாதானக் காலத்தில் அதில் பிழையொன்றும் இருக்கவில்லை.

தொண்ணூற்றாறில் கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்தபின் தமிழர் இருக்கும் ஒழுங்கைகளை ஆமி சுற்றிவளைத்துத் தேடுவது வழக்கமாயிற்று. ஒரு காலை மேபல் பால் வாங்கப் போனவள் வெறுங்கையோடு ஓடி வந்தாள்.

"இஞ்சருங்க, ஆமிக்காரன் முன்வீட்டு யேசுரட்ணத்திட வீட்டுக்குள்ள நிக்கிறான். கட்டிலுக்குக் கீழ இருக்கிறத என்ன செய்யப் போறீங்க?"

"காசுதானே, புள்ள."

"காசு மாதிரியா இருக்கு? டீவியில வெடிமருந்து எண்டு காட்டினாங்களே, அச்சு அசல் அதுதான்!"

அத்தனை வருடம் பார்த்த பொருளைக் கிளறன்ஸ் அப்போதுதான் இன்னொருவன் கண்ணால் பார்த்தார். இருவரும் தரையில் உட்கார்ந்து குழாய்களைக் கத்தியால் நீளவாக்கில் கீறினார்கள். காசுகள் கட்டில் விரிப்பில் கொட்டின. காசாகத் தெரிந்துவிட்டால் பயமில்லை என்றுதான் நினைத்தார்கள். கீறின கூடுகளைப் பற்றி நினைக்கவில்லை.

சப்பாத்துச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. சிப்பாய் காசைத் திரும்பியும் பார்க்கவில்லை. குனிந்து, தரையில் கிடந்த கறுப்புக் கூடொன்றை எடுத்து முகர்ந்தான். உள்ளே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதுதான் வினையாயிற்று. அதிகாரியைக் கூப்பிட்டான்.

"இதுக்குள்ள இருந்த சாமான் எங்க?" அதிகாரி தமிழிலேயே கேட்டார்.

"அந்தக் காசுதான், சேர்."

"காசுக்கு ஏன் கறுப்பு டேப்?" பிறகு சிங்களத்தில், "கவ்த மேவா ஹெதுவே?"

யார் செய்தது என்ற கேள்வி. மேபல் வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் கிளறன்ஸ் சொல்லிவிட்டார்: "மம, சேர். நான்தான்."

டிரக்கில் ஏறும்போது அவர் மேபலைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

பொலிஸ் நிலையத்தில் மேசைமேல் காசையும் டேப்பையும் பழைய பேப்பரையும் வைத்தார்கள். "செய்து காட்டு" என்றார் அதிகாரி.

கிளறன்ஸ் தன் கையால் ஒன்றுகூடச் சுற்றியதில்லை. கடதாசியில் காசை அடுக்கி உருட்டினார். பாதியில் நழுவிச் சிமெந்துத் தரை முழுக்க ஓடியது. சுவரோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

"உனக்குத் தெரியாது. அப்ப யாருக்குத் தெரியும்? பொம்பிளைக்கா? ஜீப் அனுப்பவா?"

"கை நடுங்குது, சேர். அதுதான்."

தரையில் தவழ்ந்து காசைப் பொறுக்கினார். பொறுக்கும்போது மேபலின் கைகளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். முதலில் என்ன செய்வாள்? கடதாசி விளிம்பை நாக்கால் ஈரப்படுத்துவாளா, மடிப்பாளா? இத்தனை காலம் எதிரே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தவருக்கு அது தெரியவில்லை. தொடையில் வைத்து உருட்டுவாள், அது நிச்சயம். கட்டைவிரலால் அடியை அடைத்துப் பிடிப்பாள். டேப்பைக் கையால் கிழிக்கமாட்டாள், பல்லால் கடிப்பாள். அப்படியே செய்தார். கோணலாக வந்தது, ஆனால் பிரியவில்லை. அதிகாரி எடுத்துக் காதருகே குலுக்கினார். சத்தமில்லை.

"இன்னொண்டு."

மறுநாள் பின்னேரம் விட்டார்கள். காசைத் திருப்பித் தரவில்லை. துறைமுகப் பாஸைத் தந்தார்கள். அதுவே பெரிது.

மேபல் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டாள். "அடிச்சாங்களா?"

"இல்ல. சுத்தச் சொன்னாங்க. சுத்தினத வெட்டிப்போட்டுத் திரும்பவும் சுத்தச் சொன்னாங்க."

"ஐயோ, உங்களுக்குத்தான் ஒரு பார்சல்கூடக் கட்டத் தெரியாதே! ஏன் நீங்க எண்டு சொன்னீங்க?"

"சத்தம் போடாத. இப்ப எனக்குத் தெரியும்."

அவள் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள். சுற்றிச் சுற்றி மரத்துப்போன விரல்களால் அவரால் பிடிக்க முடியவில்லை. அவளே வாயருகே பிடித்துக் கொடுத்தாள். ஒழுங்கையில் ஏதோ வாகனம் வேகம் குறைத்தது. அது கடந்து போகும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.