மூன்றாம் மாடிக்கு ஏறிய எஞ்சின்

போர்ட் ஃபுவாத் துறைமுகத்துக் கப்பல் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் கொதிகலன் தகடுகளுக்கு ஆணி அறைந்ததில் ஷவ்கிக்கு இரண்டு காதும் போய்விட்டன. எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிவிடுவார்.

அவரிடம் ஐம்பத்தெட்டாம் வருடத்து செக் நாட்டு மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. இரட்டை சிலிண்டர். வாங்கிய நாளிலிருந்து வேறொருவர் ஸ்பேனர் அதில் பட்டதில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் பிளக்கைத் துடைப்பதும் கார்புரேட்டரைக் கழுவுவதும்தான் வேலை.

அந்த மார்ச் மாதம் கைப்பிடியில் புதிதாக ஒரு நடுக்கம் தெரிந்தது. சத்தம் ஏதும் மாறியிருக்கிறதா என்று மனைவி இன்ஷிராஹிடம் கேட்டார்.

"நானே சொல்லணும்னு இருந்தேன். தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு. நீ தெருமுனை திரும்புறப்பவே பால்கனிக்குக் கேட்டுடுது" என்றாள் அவள்.

தெருக்கோடியில் கடை வைத்திருந்த மெக்கானிக் பையூமியை எல்லோரும் மேஸ்திரி என்ற அர்த்தத்தில் உஸ்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வந்து ஒரு நிமிஷம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கிராங்க் பேரிங் செத்துப்போச்சு, பெரியவரே. இதுக்கு எங்க சாமான் கிடைக்கும்? என்கிட்ட ஒரு சீன எஞ்சின் கிடக்கு, மாத்திவிடுறேன். காது கேக்காத மனுஷன் எஞ்சினுக்கு வைத்தியம் பாத்து என்ன ஆகப்போகுது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஷவ்கிக்கு முகம் சிவந்துவிட்டது. நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் கிராங்க் இருக்கும் அடிப்பாகத்தில் அதன் முனையை வைத்தார். மரப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டார். அடியில் சீரான அதிர்வுதான் இருந்தது. முனையை மேலே நகர்த்தி இடது சிலிண்டரில் வைத்ததும் பல்லில் சுள்சுள்ளென்று இடித்தது.

"கிராங்க்ல ஒண்ணுமில்ல, உஸ்தா. நோவு மேல இருக்கு. இடது பிஸ்டன்."

"பல்லு சொல்லுச்சாக்கும்?"

"பல்லுதான் சொல்லுச்சு. காதுள்ள நீ கேட்டது தப்பு."

தெருவில் கடல்மணல் பறந்தபடியே இருக்கும். அங்கே எஞ்சினைத் திறக்க முடியாது. ஷவ்கி எஞ்சினைக் கழற்றி, பெல்ட் போட்டு முதுகில் கட்டிக்கொண்டு மூன்றாம் மாடியிலிருந்த தன் வீட்டுக்கு ஏறினார். அறுபத்தொரு வயது. பத்துப் படிக்கு ஒருதரம் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். கதவைத் திறந்த இன்ஷிராஹ் தலையில் கை வைத்தாள்.

"அட என் கேடுகாலமே! இது எங்க படுத்துக்கும், நம்ம கட்டில்லயா?"

"சமையல் மேசையில."

சிலிண்டரை உருவியதும் விஷயம் தெரிந்தது. பிஸ்டனைக் கோக்கும் ‘பின்’ என்ற இரும்பு முளை உட்காரும் வெண்கல வளையம், அதாவது புஷ், தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. பழைய பட்டறையின் லேத்காரரிடம் புதிதாகக் கடைந்து வாங்கி வந்து பொருத்தினார். அந்தப் பின் நுழைவதற்குப் பிஸ்டனைச் சூடாக்க வேண்டும். இன்ஷிராஹ் அவரைக்கொட்டை வேகவைக்கிற பானையில் அதை வெந்நீரில் போட்டார். அவள் போட்ட சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. அந்தப் பின் நழுவாமலிருக்க லாக் கம்பியை மாட்டும்போது அது துள்ளி எங்கோ பறந்தது. அரை நாள் தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் பருப்பு பொறுக்கும்போது இன்ஷிராஹ்தான் அதைக் கண்டெடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

எஞ்சினைக் கீழே இறக்கிப் பூட்டியதும் வண்டி கிளம்பியது. படகுத்துறைக்குப் போகிற வழியிலேயே எஞ்சின் இறுகி நின்றும்விட்டது. பையூமியின் கடை வாசல் வழியாகத்தான் தள்ளிக்கொண்டு வர வேண்டியிருந்தது. கடையில் இருந்தவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மறுபடி எஞ்சினை முதுகில் கட்டினார். மறுபடி மூன்று மாடி. பிரித்துப் பார்த்தால் புஷ் கருகியிருந்தது. எண்ணெய் இறங்க ஓட்டை போட மறந்திருந்தார்.

"என் தப்பு. எஞ்சின் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார்.

"அப்ப விட்டுடு, யா ஷவ்கி. முதுகு போயிடும்."

"தப்பு எதுன்னு தெரிஞ்சப்புறம் யாராவது விடுவாங்களா?"

இரண்டாவது புஷ்ஷில் ஓட்டையைப் போட்டுவிட்டுத்தான் பொருத்தினார். எண்ணெய் தடவியதும் அந்தப் பின் தன் கனத்திலேயே மெல்ல வழுக்கி இறங்கும்வரை மூன்று நாள் புஷ்ஷின் உட்புறத்தைத் தேய்த்தார். பிஸ்டனில் இருந்த கீறலையும் தேய்த்து எடுத்தார். இந்த முறை பானையை அவளே அடுப்பில் வைத்துக் கொடுத்தாள்.

தெருவில் வண்டி கிளம்பியபோது பையூமி கையைத் துடைத்துக்கொண்டே வந்து குனிந்து கேட்டார். நெடுநேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, ஷவ்கியின் முகத்துக்கு நேராக நின்று, உதடு தெளிவாகத் தெரியும்படி நிதானமாகச் சொன்னார்:

"சுத்தமா ஓடுது. நான் சொன்னது தப்பு."

அந்த வாரமே இன்ஷிராஹைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, ஏரிக்கரைச் சாலை வழியாகத் தம்யாத்தில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். போகவர நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். வண்டி எங்கும் பழுதாகி நிற்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, வலது சிலிண்டரின் புஷ் எந்த நிலையில் இருக்கிறதோ பார்த்துவிடலாம் என்று ஸ்பேனரை எடுத்தார்.