ஐஸுக்கு நாவூறு

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மனைவி வாசலிலேயே சொல்லிவிடுவாள்: "ஐஸ் ஹொக்கியைப் பற்றி மட்டும் இவரிட்ட கதை குடுத்திடாதேங்கோ. பிறகு சாப்பிடாமல்தான் போவியள்." அவளைக் குறை சொல்ல ஏலாது. லண்டனுக்கு வருவதற்கு முன் நான் சுவிஸில், பேர்ன் நகரத்து ரெஸ்டோரன்ட் ஒன்றின் குசினியில் பல வருஷம் கோப்பை கழுவினவன். ஒரு லீவு நாளில் அறைக்குள் குந்தியிருக்க மனமில்லாமல் ஹொக்கி மட்ச் பார்க்கப் போனேன். அன்றைக்குப் பிடித்த விசர் இன்னும் விடவில்லை. அந்த ஊர் ஐஸ் அப்படி. கல்லு. பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டைத் தட்டிவிட்டால் சத்தமில்லாமல் மறுகரைக்குப் போய்ச் சேரும்.

லண்டனில் என் மகள் ஹொக்கி விளையாடும் ரிங்கின் ஐஸ் இருக்கிறதே, அதை ஐஸ் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சம்பளத்துக்கு ஆடுகிற ஆண்கள் அணிக்கும் அதுதான் மைதானம். சும்மா பொழுதுபோக்கு ரிங்க் என்றால் மன்னிக்கலாம், டிக்கெட் விற்று ஆட்டம் நடத்துகிற இடம்! சனிக்கிழமை ஐஸின் மேல் பலகையை அடுக்கி, மேடை போட்டு, சுடச்சுட லைட் எரித்துப் பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பலகையைக் கழற்றிவிட்டு, வாருங்கள், விளையாடுங்கள் என்பார்கள். ஐஸ் எப்படி இருக்கும்? புளிக்கஞ்சி மாதிரி இருக்கும். பக் தவளை போலத் துள்ளும். குளிராக்குகிற மெஷினுக்கும் வயதாகிவிட்டது. மனேஜரிடம் போய்க் கேட்டால் சிரித்துக்கொண்டே, பார்க்கிறோம் என்பார். எதைப் பார்க்கிறாரோ தெரியாது. நானும் கிழமை தவறாமல் முதல் வரிசையில் இருந்து அந்த ஐஸைத் திட்டித் தீர்ப்பேன். சேறு, சாணி, சனியன் என்று வாயில் வந்ததெல்லாம் சொல்லுவேன்.

அதிலும் கோலுக்கு இடப்பக்கத்து மூலை இருக்கிறதே, அதுதான் ஆகக் கேவலம். ஐஸைச் சீவி, சுடுதண்ணீர் விட்டு மினுக்குகிற பெரிய வண்டி அந்தக் கதவால்தான் உள்ளே வந்து போகும். வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டும், கதவு திறக்கும்போதெல்லாம் வெளிச்சூடு அடிக்கும். அந்த இடம் ஒருநாளும் சரியாக இறுகாது. போன வருஷம் அங்கேதான் என் பிள்ளை விழுந்தாள். ஸ்கேட்டின் அலகு இளகின ஐஸுக்குள் புதைந்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்கால் சவ்வு அறுந்துபோன அந்த நேரம் அவள் கத்திய சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. எப்போதாவது போகுமா என்றும் தெரியவில்லை.

ஒப்பரேஷன் முடிந்ததும் வால்தம்ஸ்டோவில் இருந்த தன் அறையை விட்டு மோர்டனுக்கு, எங்களிடமே வந்தாள். இருபத்துநாலு வயதுப் பிள்ளையை மாடிப்படியில் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கினேன். அந்தச் சாட்டில் பிள்ளை மறுபடி எங்களோடு இருக்கிறாளே என்று ஒரு சந்தோஷமும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மனைவிக்கு இதெல்லாம் கண்ணூறு. ஐஸும் இல்லை, மெஷினும் இல்லை, ஊராரின் கண். மகள் சின்னவளாக இருந்தபோது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் குசினியில் கிழக்குப் பார்க்க நிறுத்தி, செத்தல் மிளகாயும் கல்லுப்பும் கைக்குள் பொத்திப் பிடித்து, தலையைச் சுற்றி நாவூறு கழித்து, அடுப்பில் போடுவாள். மிளகாய் கருகி எல்லாருக்கும் இருமல் வந்தால் கண்ணூறு இல்லை என்று அர்த்தம். நெடியே எழும்பாவிட்டால் நிறையக் கண் பட்டிருக்கிறது. இது அவளுடைய கணக்கு. ஹைஸ்கூல் போனதும் பிள்ளை, "அம்மா, பிளீஸ், இது சயன்ஸே இல்லை" என்று நிற்க மறுத்துவிட்டாள். ஒப்பரேஷனுக்குப் பிறகு ஒரு மத்தியானம் அவள் சோபாவில் நித்திரையாக இருந்த நேரம் பார்த்து மனைவி சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். மிளகாய் கரியாகிப் போனது. ஒருவருக்கும் தும்மல்கூட இல்லை. கூரையில் இருக்கிற புகை அலாரம், தோசை கருகினாலே ஊரைக் கூட்டுகிற சாமான், அதுவும் வாய் திறக்கவில்லை. மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதாள். நான் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் கதிரையில் ஏறி அலாரத்துக்குள் பற்றரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

காலம் போய் டொக்டர் விளையாடலாம் என்றார், பிள்ளையும் திரும்ப வால்தம்ஸ்டோவுக்குப் போய்விட்டாள். பயிற்சிக்கு நானும் போய்ப் பார்த்தேன். எல்லா இடமும் ஓடுகிறாள், அந்த மூலைக்கு மட்டும் போவதில்லை. பக் அங்கே போனால், கிட்ட வந்ததும் கால் தானாகத் திரும்பிவிடுகிறது. அவள் டிஃபென்ஸ். தன் கோல் மூலைக்குப் போகாத டிஃபென்ஸை யார் அணியில் வைத்திருப்பார்கள்? முதல் மட்சுக்கு முதல்நாள் போனில் சொன்னாள்: "அப்பா, நாளைக்கு அந்த மூலைக்குள்ள போக ஏலாட்டி, நான் இனி விளையாட மாட்டன். சும்மா சொல்லேல்லை." "நல்லாச் சாப்பிட்டிட்டுப் படு பிள்ளை" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

ஞாயிறு மத்தியானம் நேரத்துக்கே போய்விட்டோம். முதல்நாள் கச்சேரி நடந்திருக்கிறது, ஐஸில் பலகை அடையாளம் கோடு கோடாகத் தெரிந்தது. வண்டி ஒரு சுற்று மினுக்கிவிட்டு வெளியே போனது. நான் வழக்கம்போலத் தொடங்கினேன். மனைவி, கோப்பி வாங்கி வருகிறேன் என்று எழும்பிப் போனவள், கோப்பி இல்லாமல் வந்து உட்கார்ந்தாள். நான் அதைக் கவனிக்கவில்லை. ஐஸைத் திட்டுகிற வேலை இருந்தது.

இரண்டு அணியும் வார்ம்-அப்புக்கு இறங்கினார்கள். மகள் அந்த மூலையை விட்டு விலகி விலகி ஓடினாள். வேறொரு பிள்ளை அங்கே போனதும் கால் இடறிக் குப்புற விழுந்தாள். நல்லவேளை, அடியில்லை. றெஃபரி விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். அந்த இடம் முழுக்கச் சல்லடையாகப் பொத்தல். ஐஸ் பராமரிக்கிற மனிதர் முழந்தாளில் இருந்து உள்ளே விரலை விட்டு, சிவப்பாக என்னவோ ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

காம்போடு ஒரு செத்தல் மிளகாய்.

மெல்லத் திரும்பினேன். மனைவி நேராகப் பார்த்துக்கொண்டு, கோட் பொக்கெட்டுக்குள் கையை விட்டபடி, பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்க இருத்தின மாதிரி இருந்தாள்.

"இஞ்சேர், என்ன செய்தனீர்?"

"வண்டிக் கதவு திறந்து கிடந்தது. கழிச்சு அதிலயே போட்டிட்டு வந்தனான்."

"உமக்கென்ன விசரே? உப்புப் போட்டால் ஐஸ் உருகுமப்பா! ரோட்டில ஸ்னோவுக்குக் கவுன்சில்காரன் உப்புக் கொட்டுறதை நீர் காணேல்லையோ? பிள்ளைக்கு நாவூறு கழிக்கிறதெண்டால் வீட்டில கழிக்கிறதுதானே!"

"பிள்ளைக்கில்லை. ஐஸுக்குக் கழிச்சனான். கிழமைக்குக் கிழமை வந்து அதைச் சேறு, சனியன் எண்டு வாய் ஓயாமல் பேசுறியள். உங்கட நாக்குப் பட்டால் எது உருப்படும்? அதுக்கும் நாவூறு படாதே? இண்டைக்காவது என்ர பிள்ளையை விழுத்தாமல் வைச்சிருக்கட்டும் எண்டுதான்..."

நான் வாயை மூடினேன். அந்தக் கட்டடத்துக்குள் நான் வாயை மூடியிருந்தது அன்றைக்குத்தான்.

கீழே றெஃபரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இது சரிவராது, மட்சை நிறுத்துவோம் என்கிறார் என்பது கையசைவிலேயே விளங்கியது. நிறுத்தினால் அடுத்த மட்ச் எப்போதோ. பிள்ளை சேர்த்து வைத்திருக்கிற தைரியம் அதுவரை தாங்காது. மனைவிக்கும் அது விளங்கியது. "ஐயோ, நானே கெடுத்துப்போட்டனே" என்று என் கையைப் பிடித்தாள். நெரித்தாள் என்றே சொல்லலாம்.

அப்போது மகள் அந்த மூலையை நோக்கி வந்தாள். தூரத்தில் தயங்கினாள். பிறகு இன்னும் கிட்ட வந்தாள். அந்த மனிதரின் கையில் இருந்த மிளகாயைப் பார்த்தாள். தலையை உயர்த்தி எங்கள் வரிசையைத் தேடி, அம்மாவைக் கண்டுபிடித்தாள். ஹெல்மெட் கம்பிக்குள்ளே முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனால் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறினேன். இல்லை, சிரிக்கிறாள். ஒரு வருஷமாக அந்த ஐஸில் காணாத சிரிப்பு.

றெஃபரியிடம் என்னவோ சொன்னாள். அவரும் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். உடனே ஒப்பரேஷன் செய்த அதே முழங்காலை மடக்கி, அதே இடத்தில் இருந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு உப்புக்கல்லையும் இளகின ஐஸையும் விரலால் கிண்டி வாளிக்குள் போட்டாள். கூட்டாளிப் பிள்ளைகள் மட்டையால் ஐஸ் துருவலை வழித்துக்கொண்டு வந்தார்கள். இவள் அதைப் பொத்தலுக்குள் அடைத்து, போத்தல் தண்ணீர் விட்டு, உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினாள். அந்த மனிதர் தீயணைக்கிற சிலிண்டரைக் கொண்டுவந்து குளிர்ப்புகையைப் பீச்சினார். கடைசியில் அவள் எழும்பி, அந்தக் காலை அதன் மேல் வைத்து, முழுப் பாரத்தையும் போட்டு நின்றாள்.

ஐஸ் தாங்கியது. முழங்காலும் தாங்கியது. எனக்குக் கண் மறைத்துவிட்டது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

மட்சில் தோற்றார்கள், அது வேறு கதை. பக் அந்த மூலைக்குப் போன போதெல்லாம் முதலில் போய் நின்றவள் அவள்தான். முடிந்து, தோளில் பையோடு கார் பார்க்குக்கு வந்தாள். தாய் வாயைத் திறக்க முதலே கேட்டாள்: "என்னம்மா, ஐஸுக்குக் கழிக்கிறியள், எனக்கு இல்லையோ?"

"நீதானே வேண்டாமெண்டனீ."

"எப்ப? அது சின்னனில."

அப்படியே வால்தம்ஸ்டோவுக்குப் போகாமல் எங்களோடு மோர்டனுக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றிப்போட்டுவிட்டு நேரே குசினிக்குப் போய்க் கிழக்குப் பார்க்க நின்றாள். மனைவி பொக்கெட்டில் மிச்சமிருந்த மிளகாயையும் உப்பையும் எடுத்து, தலையைச் சுற்றினாள். "முழங்காலையும் சேர்த்துச் சுத்துங்கோ அம்மா," என்று பிள்ளை காற்சட்டையை உயர்த்தி அந்த நீளத் தழும்பைக் காட்டினாள். மனைவி குனிந்து அதையும் சுற்றி, நிமிர்ந்து, போகிற போக்கில் என் வாயையும் ஒருதரம் சுற்றி, எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள்.

நான் கதிரையில் ஏறி, புகையை விசிறிக் கலைக்கத் துவாயோடு அலாரத்துக்குக் கீழே ஆயத்தமாக நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மனைவி மூச்சுவிடாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பிள்ளை இருமினாள். பிறகு நான் இருமினேன், துவாய் கைநழுவி விழுந்தது. அலாரம் வீடு அதிரக் கத்தத் தொடங்கியது. மனைவி இருமி இருமி, கண்ணால் தண்ணீர் வழிய வழிய, பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எனக்குக் கத்தினாள்: "அதை நிப்பாட்டாதேங்கோ. கத்தட்டும், விடுங்கோ!"