எந்த வழியில் மச்சான்

சல்லிக் கடற்கரையில் வள்ளம் வைத்திருந்த நாகமணிக்குப் பிள்ளைகள் மூவர்: மூத்தவள் சீதேவி, நடுவில் வினோஜன், கடைக்குட்டி ஜெயரூபி. தாயும் தகப்பனும் காலமானபின் வீட்டுப் பொறுப்பு, கலியாணமாகிச் சல்லியிலேயே இருந்த சீதேவியின் கைக்கு வந்தது. வினோஜன் வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவன். லிங்கநகரில் வாடகை வீட்டில் இருந்தான். அந்த வீட்டில் இரண்டு ஆண்டுகளாக அவனோடு இருப்பவன் கிளிவெட்டியைச் சேர்ந்த கதிரவேல், நெல் லொறி ஓட்டுபவன்.

இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று அழைத்தார்கள். அதில் எவருக்கும் எதுவும் தோன்றவில்லை. இந்தப் பக்கத்தில் மச்சான் என்றால் தங்கையின் கணவன், மாமன் மகன், தேநீர்க்கடையில் பக்கத்துக் கதிரையில் இருப்பவன். கதிரவேலின் ஊரில் மனைவிமார் கணவனைக் கூப்பிடுவதும் அதே சொல்லால்தான். இத்தனை பேருக்கு இடம் கொடுத்த சொல்லுக்குள் அவர்கள் இருவரும் சத்தமில்லாமல் குடியிருந்தார்கள்.

கரைக்கு வரும் ஆண்களில் சிலர் எஞ்சினைக் காட்டிவிட்டு வினோஜனிடம் வேறொன்றைக் கேட்பதுண்டு. ஆணோடு ஆண் சேர்ந்தால் என்ன காப்பு, இரத்தம் சோதிக்க எங்கே போவது, பெயர் வெளியே வருமா. பெண்சாதி பிள்ளைகளோடு வாழ்பவர்களும் அவர்களில் இருந்தார்கள். வினோஜன் கேட்டவனின் பெயரைக் காத்தான். பதிலை மட்டும் ஒளிக்கவில்லை. ஆணுறைப் பெட்டியை ஸ்பார்க் பிளக்குகளுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான்.

ஊருக்குச் சொன்னதை வீட்டில் செய்யாமல் விடலாமா என்று கதிரவேலையும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். கதிரவேலுக்கு எச்.ஐ.வி இருப்பது தெரியவந்தது. வினோஜனுக்கு இல்லை. அன்று பின்னேரம் கதிரவேல் வீட்டைவிட்டுப் போவதற்காகத் துணி மடித்தான். வினோஜன் அந்தத் துணிகளை விரித்து மறுபடி கொடியில் போட்டான்.

வைத்தியர் கதிரவேலுக்கு மருந்து தொடங்கினார். அவனுடைய இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கும்வரை, வினோஜனுக்குத் தொற்றாமலிருக்க நாளுக்கொரு குளிசை கொடுத்தார். குசினித் தட்டில் தேயிலைப் பேணிக்குப் பக்கத்தில் இரண்டு போத்தல்கள் நின்றன. மதியச் சாப்பாட்டோடு இருவரும் குளிசை போட்டார்கள்.

ஜெயரூபிக்கு நிலாவெளியில் சம்பந்தம் ஒப்பேறியது. மாப்பிள்ளை மண்டப வாசலில் வந்து இறங்கும்போது, பெண்ணின் சகோதரன் செம்புத் தண்ணீரால் அவன் காலைக் கழுவ வேண்டும். மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போட வேண்டும். அதன்பிறகே மணவறை. அந்தக் குடும்பத்தில் சகோதரன் என்று இருப்பவன் வினோஜன் ஒருவனே.

தாயின் பித்தளைச் செம்பு லிங்கநகர் வீட்டில் இருந்தது. அதை எடுக்க வந்த சீதேவி குசினியில் போத்தல்களைக் கண்டாள். தம்பியின் பெயர் ஒட்டியிருந்ததைப் படம் பிடித்து, மருந்துக்கடையில் வேலை செய்யும் அயல்வீட்டுப் பிரசாந்தினிக்கு அனுப்பினாள். "இது எயிட்ஸ்காரருக்குக் குடுக்கிற மருந்தெல்லோ அக்கா" என்று பதில் வந்தது. அதே மருந்து வருமுன் காக்கவும் கொடுக்கப்படுவது பிரசாந்தினிக்குத் தெரியாது. சீதேவி சல்லிக்குத் திரும்புமுன்பே கதை நிலாவெளிக்குப் போய்விட்டது.

அடுத்த நாள் காலையிலேயே சீதேவி லிங்கநகருக்கு மறுபடி வந்தாள். கதிரையில் இருக்கவில்லை.

"தம்பி, உனக்கு அந்த வருத்தமோ?"

"எந்த வருத்தம்? பேரைச் சொல்லுங்கோ அக்கா, வாய் வேகாது."

"பகிடியை விடு. அந்தக் குளிசை என்னத்துக்கு?"

"கடலால வந்த எஞ்சினை நல்ல தண்ணியில கழுவுறது கறள் பிடிச்ச பிறகோ, பிடிக்க முதலோ?"

"பிடிக்க முதல்."

"அதுதான். இது வராமலிருக்கப் போடுற குளிசை."

சீதேவி அப்போதுதான் கதிரையில் இருந்தாள். "அம்மாளாச்சி! அப்ப உனக்கு இல்லை. அதை மாப்பிள்ளை வீட்டாரிட்டச் சொல்லிவிடு. எனக்கு இல்லை எண்டு ஒரு சொல். சொல்லாட்டி உன்ர அத்தான்ர தம்பி கால் கழுவட்டுமாம். மாப்பிள்ளையின்ர பெரியப்பா முடிவாச் சொல்லிப்போட்டார்."

வினோஜன் குசினித் தட்டைப் பார்த்தான். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி காத்திருக்கும்: அப்படியானால் அந்த வீட்டில் யாருக்கு?

"சொல்லமாட்டன்."

"ஏன்டா?"

"சொன்னா, இருக்கிறவன் கால் கழுவக்கூடாது எண்டு நானும் ஒப்புக்கொண்டதா முடியும். இது தண்ணியால தொத்தாது, சோத்தால தொத்தாது. தொத்தாத ஒண்டுக்கு நான் ஏன் சத்தியம் பண்ணவேணும்?"

"உனக்கு ஊரைத் திருத்துற வருத்தமும் இருக்கு. அதுக்குக் குளிசை இல்லையோ?"

"அது முத்திப் போச்சு, அக்கா."

பின்னேரம் ஜெயரூபி போன் எடுத்து அழுதாள். "ஒரு சொல்தானே அண்ணா."

"ஒரு சொல்தான் பிள்ளை. அதாலதான் ஏலாது."

"வராம மட்டும் இருந்திடாதேங்கோ" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தாள். அது சம்மதமா கெஞ்சலா என்று விளங்கவில்லை. வினோஜன் சம்மதமென்றே எடுத்துக்கொண்டான்.

கலியாணத்தன்று கதிரவேல் சாரத்தோடு படுத்திருந்தான். "மச்சான், நீ தனியப் போ. இல்லையெண்டு சொல்லிப்போட்டுக் கழுவு. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

"நீ நினைக்கமாட்டாய். நான் நினைப்பன். எழும்பி வேட்டியைக் கட்டு."

மண்டப வாசலில் மேளம் முழங்கியபோது சீதேவியின் கணவனுடைய தம்பி செம்போடு நின்றான். வினோஜன் கை நீட்டியதும், பாரம் இறங்கியவன்போல் அதைக் கொடுத்துவிட்டு விலகினான். காரிலிருந்து மாப்பிள்ளை சதுர்ஜன் இறங்கிச் செருப்பைக் கழற்றினான். பெரியப்பா குறுக்கே வந்தார்.

"தம்பி, நல்ல காரியத்தில கரைச்சல் வேண்டாம். உமக்கு இருக்கோ இல்லையோ, அதைச் சொல்லும்."

"இருக்கெண்டும் சொல்லமாட்டன், இல்லையெண்டும் சொல்லமாட்டன். நான் பொம்பிளையின்ர அண்ணன். சொல்ல வேண்டியது அவ்வளவுதான்."

"நீர் தொட்ட தண்ணி..."

"நாள் முழுக்கக் கடல்தண்ணியைத் தொடுறன். அதில பிடிச்ச மீனை நீங்கள் விட்டுவைக்கேல்லையே."

பின்னால் ஒருவர் சிரித்து, அதை இருமலாக்கினார். பெரியப்பாவின் கண், கால் துடைக்கும் துவாயோடு நின்ற கதிரவேலின் மேல் விழுந்தது.

"இது ஆர்?"

"மச்சான்."

"எந்த வழியில மச்சான்? நாகமணிக்கு இப்பிடியொரு சொந்தமில்லையே."

"உங்கட பெடியன் என்ர தங்கச்சிக்கு எந்த வழியோ, அந்த வழி."

மேளம் நின்றது. கதிரவேல் துவாயைக் கீழே விடவில்லை.

"பொலிசுக்குச் சொன்னா என்ன நடக்குமெண்டு தெரியுமோ? ஆம்பிளையும் ஆம்பிளையும் சேர்ந்தாக் குற்றம் எண்ட சட்டம் இன்னும் மாறேல்ல."

"தெரியும். சொல்லுங்கோ. சோறு கூடுதலாத்தான் போட்டிருக்கு. அவையளும் சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

வெயில் ஏறிய சீமெந்துத் தரையில் சதுர்ஜன் கால் மாற்றி நின்றான். "பெரியப்பா, நிலம் சுடுது. கால் என்ர கால்." அவரைச் சுற்றி வந்து வலதுகாலை நீட்டினான்.

வினோஜன் குந்தியிருந்து தண்ணீர் வார்த்தான். கதிரவேலின் கையிலிருந்து துவாயை வாங்கித் துடைத்தான். மோதிரம், எஞ்சின் வேலையில் தடித்த விரல் மொளியில் இறுகி நின்றது. "விரலை மடியாதேங்கோ மச்சான்" என்று சதுர்ஜன் அதைத் தள்ளி ஏற்றினான்.

பெரியப்பா காருக்குள் போய் இருந்துகொண்டார். அவரோடு சிலர் தாலிகட்டைப் பார்க்காமலே திரும்பிப் போனார்கள். சீதேவி தம்பியைப் பார்க்காமலே பந்திக்கு இலை போடப் போனாள்.

பந்தியில் கதிரவேலுக்குப் பக்கத்து இலை வெறுமையாகக் கிடந்தது. மாப்பிள்ளைக்கு அருகில் இருந்த வினோஜன் எழுந்துபோய் அந்த இலையில் இருந்தான். சாப்பாடு பாதியில், சட்டைப் பையிலிருந்து போத்தலை எடுத்து இலையோரத்தில் வைத்தான்.

"அக்கா, தண்ணி."

பந்தி முழுவதும் திரும்பியது. சீதேவி செம்போடு வந்தாள். வினோஜன் குளிசையைப் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

கதிரவேலை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் தானாகவே பையில் கைவிட்டுத் தன் போத்தலை எடுத்து, மற்றதன் பக்கத்தில் வைத்தான். ஒரு குளிசையை வாயில் போட்டுச் செம்புக்குக் கை நீட்டினான். இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைப் போத்தல்கள். எது எதற்கென்று பார்த்திருந்த ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

சீதேவியால் முடிந்தது. தம்பி ஏன் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை என்பதும் அப்போது விளங்கியது. செம்பைக் கதிரவேலின் கையில் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை நகராமல் நின்றாள். பிறகு, வாய் பார்த்துக்கொண்டிருந்த பந்தியின் பக்கம் திரும்பினாள்.

"என்ன பாக்கிறியள்? சாப்பிடுங்கோ, சோறு ஆறுது."