மூன்று விரல் வெயில்

பாக்கியராஜ் வலது கையை முகத்துக்கு நேராக நீட்டி, சூரியனுக்கும் மேட்டு விளிம்புக்கும் நடுவே விரல்களை அடுக்கிப் பார்க்கிறார். ஒரு விரல் கால் மணி நேரம் என்பது அவர் கணக்கு. "மூணு விரல் இருக்குது. நட, நட. சிரிக்கிறதெல்லாம் அங்க போய் சிரிச்சிக்கலாம்."

கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கும் ஜோடிப் படம் அவர் தொழில். குடியிருப்பது வைட்ஃபீல்டில். பூங்காவும் காபிக் கடையும் அலுத்துப்போன ஐடி ஜோடிகளைக் காரில் ஏற்றி, தான் பிறந்த கோலார் தங்கவயலுக்குக் கூட்டிவருவார். சயனைட் சேர்த்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மண் இங்கே குன்று குன்றாகக் கிடக்கிறது. ஊரில் சயனைட் மேடு என்பார்கள். மழை அரித்த பள்ளமும் மடிப்புமாக, சாயங்கால வெயிலில் அது பாலைவனப் பாறையேதான். படத்தைப் பார்ப்பவர்கள் ராஜஸ்தானா, ஜோர்டானா என்று கேட்பார்களாம். "ஆமான்னு சொல்லிடுங்க. விசா செலவு மிச்சம்."

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றால் ஒரு காலை ஆட்டுவார். பேச்சு நடுவே லென்ஸைக் கழற்றி மறுபடி மாட்டுவார்.

சுரங்கத் தொழிலாளியின் மகன். மேட்டுக்குப் பக்கத்து லைன் வீட்டில் வளர்ந்தவர். "காத்து அடிச்சா மேட்டு மண்ணு பறந்து வரும், எங்கம்மா 'மூடு'ன்னு கத்தும். பக்கத்து வீட்லயும் கத்துவாங்க. சோறு, தண்ணி, தொட்டில், எல்லாம் மூடணும்." இன்றைக்கும் ஏசி போட்ட காபிக் கடையில் கோப்பைமேல் சாஸரைக் கவிழ்த்துத்தான் வைப்பார். மணப்பெண்ணான என் தோழி சுப்ரியா அதைப் பார்த்து, "ஏன் அண்ணா, காபி ஓடிப்போயிடுமா?" என்றாள்.

"நீ உன் ஆளைப் புடிச்சு வெச்சுக்கோம்மா. காபிய நான் பாத்துக்கறேன்."

அவருக்கென்று ஒரு படம் வேண்டும். ஆளே இல்லாத மேடு. சாய்ந்த வெயிலில் அதன் உச்சியிலிருந்து தூசி கிளம்பும் கணம். கண்காட்சி ஒன்றுக்கு அதை அனுப்ப, நாங்கள் போன நாளுக்கு மறுநாள் கடைசி நாள். நல்ல வெயிலெல்லாம் ஜோடிகளுக்குப் போய்விடுகிறது. மிச்சம் கிடைக்கும் நாளில் காற்று இருப்பதில்லை. அதனால் கார் ஏறும்போதே சுப்ரியாவிடமும் மாப்பிள்ளை சுஹாஸிடமும் சொல்லிவிட்டார்: "கடைசி விரல் எனக்கு. அப்ப நீங்க யாரோ, நான் யாரோ."

இருவரையும் ஓட ஓட விரட்டினார். "சுஹாஸ், பாறைய பாக்காத, அவளைப் பாரு. பாறை எங்கியும் போவாது." ஒரு விரல் மிச்சம் இருக்கையில் அவர்களை விட்டுவிட்டு, சாலையோரம் காருக்குப் பக்கத்தில் கேமரா முக்காலியை நட்டார். பிடுங்கினார். இரண்டடி தள்ளி நட்டார். மறுபடி பிடுங்கினார்.

"காத்தே காணோமே, ப்ரோ," என்றான் சுஹாஸ்.

"வரும் குரு. சும்மா இரு," என்றார் பெங்களூர்ப் பாணியில்.

சுப்ரியா பிளாஸ்கிலிருந்து இரண்டு காகிதக் கோப்பைகளில் டீ ஊற்றி கார் பானட்மேல் வைத்தாள். மேட்டின் நிழல் சாலையைத் தொட்டது. பாக்கியராஜின் கால் முதல்முறையாக ஆடாமல் நின்றது. விரல் பொத்தான்மேல் இருந்தது.

முதலில் சுப்ரியாவின் துப்பட்டா அசைந்தது. பிறகு உச்சியில் மண் புகைந்து, வெயிலில் மஞ்சளாக விரிந்தது.

"அண்ணா, எடுங்க," என்றாள் சுப்ரியா.

அவர் மேட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கைகளும் இரண்டு டீக் கோப்பைகளின் மேல் கவிழ்ந்திருந்தன.