பம்படியில் குனிந்து நின்ற டாக்டர்

பல் டாக்டர் இந்திராணி காலமானார் என்ற செய்தி, சதுரங்கப்பட்டினம் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது வந்தது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். செங்கல்பட்டில் அவரிடம் பல் காட்டிய பலர் இதைப் படிப்பீர்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் பார்த்த டாக்டரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள், இடைவேளை முடிகிற நேரத்தில் நாலாம் வகுப்பு செல்வி வாயெல்லாம் ரத்தமாக வந்து நின்றாள். முன்பல் ஒன்று வேரோடு விழுந்திருந்தது. "ஓடாதேன்னா கேக்கறியா?" என்று முதுகில் ஓர் அடி வைத்தேன். பிறகுதான், முந்தைய மாதம் பல் முகாமுக்கு வந்த டாக்டரின் நினைவு வந்து, தெருமுனைக் கடையிலிருந்து போன் செய்தேன்.

"டீச்சர், முதல்ல பல்லைத் தேடுங்க. வேர்ல கை படக்கூடாது, தேய்ச்சுக் கழுவாதீங்க. பால்ல போட்டு உடனே கொண்டாங்க."

பல் கிடந்த பாலோடு, செல்வியையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். "வுழுந்த பல்லு ஒட்டவா போவுது டீச்சர்?" என்று வழியெல்லாம் அந்த அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். டாக்டர் அந்தப் பல்லை அதே குழியில் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டினார். சில வாரங்கள் கழித்துக் கம்பியை எடுத்தபோது பல் உறுதியாக நின்றது.

அவர் அதோடு விடவில்லை. பள்ளிக்கு வந்து, முன்பல் உடைந்திருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என்ன சேட்டை செய்தாய் என்றுதான் நாங்கள் கேட்டிருந்தோம். அவர், "எங்கேம்மா அடிபட்டுது?" என்றார்.

"தண்ணி குடிச்சிகினு இருந்தேன். பின்னாடி தள்னாங்கோ, பைப்புல இட்சிகினேன்" என்றாள் ஒருத்தி. அடுத்தடுத்து வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். செல்வியும்தான். அவள் ஓடவே இல்லை; தாகத்தில் அடிபம்பின் குழாயில் வாய் வைத்துக் குனிந்திருந்திருக்கிறாள்.

தலைமையாசிரியர் சிரித்தார். "பசங்கன்னா அப்டிதாம்மா. நாம இன்னா பண்றது?"

டாக்டர் நேரே பம்படிக்குப் போனார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தார். அந்த இரும்புக் குழாயில் வாயை வைத்துக் காட்டிவிட்டு, தலையைத் திருப்பி, "இப்ப என்னைத் தள்ளுங்க சார்" என்றார். மீண்டும் குழாயில் வாய் வைத்துக் காத்திருந்தார். பள்ளியே பார்த்துக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் ஓரடி பின்னால் நகர்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அந்த வாரமே குழாய் பொருத்திய டிரம்மும் டம்ளர்களும் வந்தன. "எடுப்பான பல்லு உள்ள பிள்ளைங்களுக்குத்தான் அடி முதல்ல படும். கிண்டல் பண்ண விடாதீங்க டீச்சர், தள்ளுமுள்ளுல நிக்க விடாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு, தண்ணீர் குடிக்கப் போய்ப் பல் உடைந்தது என்று எந்தப் பிள்ளையும் என்னிடம் வரவில்லை.

செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை.

டாக்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். அடிபட்டு வரும் பிள்ளையை நான் இப்போதெல்லாம் திட்டுவதில்லை. ரத்தத்தைத் துடைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தைப் பார்க்க நானும் கூடப் போகிறேன்.