இடது சீட்டில் உட்கார்ந்தவர்

காரில் நாங்கள் மூன்று பேர்: நான், பின்சீட்டில் என் மனைவி செல்வி, ஓட்டுகிற கோ மணி. அவர் பர்மாவின் யாங்கோனில் பிறந்த தமிழர். ‘கோ’ இங்கே பெயருக்கு முன்னால் வைக்கும் மரியாதை. காலையில் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தன்லியினில் இடிந்துபோன செங்கல் தேவாலயத்தைப் பார்த்தாயிற்று. நகரத்தின் புதுக் கண்ணாடிக் கட்டடங்களையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் விமானம் ஏற வேண்டும். முன்னால் ஒரு ஜல்லி லாரி, ஆள் நடக்கிற வேகத்தில் போகிறது.

இங்கே வண்டிகள் ரோட்டின் வலது ஓரம் போகின்றன. கார் ஜப்பானிலிருந்து வந்தது, ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். அதனால் லாரியைத் தாண்டி எதிரே வருவது கோ மணிக்குத் தெரியாது. இடது சீட்டில் இருக்கிற எனக்குத்தான் தெரியும்.

“அண்ணே, எதிர்ல வருதா?”

“வருது. வேணாம்.”

தூரத்தில் ஒரு புள்ளிதான்.

“இப்ப?”

“இருங்க, இருங்க.”

“உங்கள நம்புனா நாளைக்குத்தாண்ணே ஏர்போர்ட்டு!” அவர் சிரிக்கிறார். நான் போகச் சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்?

பாலத்துச் சுங்கத்தில் லாரி நிற்கிறது, பின்னால் நாங்களும். செல்வி இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறக்கிறாள்.

“எந்திரிங்க. நான் பாக்கறேன்.”

பாலம் தாண்டியதும் அவள் சொல்கிறாள்: “போங்க தம்பி!”

கார் வெளியே பாய்கிறது. வலது ஜன்னல் முழுக்க லாரிச் சக்கரம். பின்சீட்டிலிருந்து எதிரே என்ன வருகிறதென்று தெரியவில்லை. அவள் தோள் மட்டும் தெரிகிறது. அது அசைகிறதா என்றே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.