நாற்பத்தொன்றாம் எண்

நவம்பர் 18. காலை 10.40: ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ்வுச் சான்று பெறக் கைரேகைக் கருவியின் மென்பொருள் நிறுவப்பட்டது. 11.05: கணினியை வேகப்படுத்தும் மென்பொருள் ஒன்றும் நிறுவப்பட்டது. 11.20: கணினி அணைத்துத் திறக்கப்பட்டது. 11.21: திரை வந்தது. குரல் வரவில்லை.

குரல் என் மனைவியுடையது. கண்ணாடி இல்லாமல் திரைமுன் அமர்வது என் வழக்கம். அதற்காக, கணினி திறந்ததும் ஒலிக்குமாறு ஒரே ஒரு வாக்கியத்தைப் பதிந்து வைத்திருந்தாள்: "கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒக்காருங்க, அப்பறம் தலவலிங்கக் கூடாது." ஆவணியில் அவள் மறைந்தாள். வாக்கியம் தொடர்ந்தது.

அன்று மென்பொருள் நிறுவ வந்தவர் அரிமளம் கடைவீதியில் கணினி பழுதுபார்ப்பவர்; ஐம்பது வயதிருக்கும். முதல்முறை திறந்தபோது அவரும் அதைக் கேட்டார்.

"என்ன சார், என்னையவா சொல்றாங்க? நான் கண்ணாடியே போடறதில்லையே" என்று சிரித்தார்.

பேசுவது யார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

புறப்படும்போது, "ஸ்டார்ட் ஆகையில வர்ற தேவையில்லாததையெல்லாம் தூக்கிட்டேன் சார். இனிமே சல்லுனு வரும்" என்றார். நன்றி சொல்லி அனுப்பினேன். பிற்பகலில் தொலைபேசியில் கேட்டபோது, "எதெதுன்னு அது காட்டலையே சார், மொத்தமா அழிச்சிருச்சு. முக்கியமானதா ஏதும் போயிருச்சா?" என்றார். இல்லை என்றேன்.

ஒலிக்கோப்பை அவள் எங்கே வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அவள் பெயரைக் கொடுத்துத் தேடினேன். குரல், கண்ணாடி, தலைவலி என்றெல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை.

அவள் திருமயம் பக்கத்து வணிகக் குடும்பத்தில் பிறந்தவள். அவ்வீட்டில் விசேஷத்துக்குப் பாத்திர அறையைத் திறக்குமுன் உள்ளிருப்பவற்றுக்கு ஒரு சிட்டை எழுதுவார்கள். அண்டா முதல் கரண்டி வரை எல்லாவற்றுக்கும் எண் உண்டு. விசேஷம் முடிந்து கழுவிக் கவிழ்த்தபின் இரண்டாம் சிட்டை. ஒருவர் படிக்க, மற்றவர் சரிபார்த்த பிறகே அறை பூட்டப்படும். கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற அவள், கணினியையும் அப்படியே நடத்தினாள். புதிய மென்பொருள் எதையும் நிறுவுமுன், கணினியின் அமைப்புகள் அனைத்தையும் பட்டியலாகச் சேமிக்கும் ஒரு நிரலை ஓட்டுவாள். நிறுவியபின் மறுபடியும் ஓட்டி, இரண்டையும் ஒப்பிடுவாள்.

"எதற்கு இத்தனை சந்தேகம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சந்தேகமில்லீங்க. விசேஷத்துக்கு வர்ற ஆளுக மாதிரிதான் இதுகளும். நல்லாத்தான் வேலை செய்யும். போகையில எதை எங்கிட்டு மாத்தி வச்சுட்டுப் போகும்னு யாரு கண்டா? நீங்க புரொபசரு, ஒங்களுக்கு எங்க பாத்திரம் எண்ணத் தெரியும்!"

நவம்பர் 18 காலை நான் முதற்சிட்டை எடுக்கவில்லை. ஆனால் ஆனி மாதத்தில் அவள் கடைசியாக எடுத்தது கணினியிலேயே இருந்தது. இரண்டாவதை நான் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டேன். மாற்றங்கள் பல பக்கங்கள் வந்தன. பெரும்பாலானவை கைரேகைக் கருவி சேர்த்தவை. சில, நாள் செல்லச் செல்லக் கணினி தானே மாற்றிக்கொண்டவை. அவள் வீட்டாரைப் போலப் பிறர் படிக்கக் கேட்டுச் சரிபார்க்க வழியில்லை. நானே படித்து நானே குறித்தேன். மூன்று நாட்கள் ஆயின. எல்லாவற்றையும் கண்ணாடி அணிந்தே படித்தேன்.

நீக்கப்பட்டவற்றின் வரிசையில் நான் தேடிய வரி இருந்தது. கணினி திறந்ததும் இயக்க வேண்டிய கோப்பின் இருப்பிடத்தை அது சொன்னது: "பாத்திர அறை" என்ற கோப்புறைக்குள், பெயர் ஏதுமின்றி, 41 என்ற எண். அழிந்தது வரி மட்டுமே. கோப்புறையைத் திறந்து பார்த்தேன்; கோப்பு இருக்கிறது. நீளம் ஐந்து விநாடி. அதை இன்னும் ஒலிக்கவிடவில்லை.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

நீக்கப்பட்ட வரியைப் பழைய இடத்தில் சேர்ப்பது.

41-இன் நகலை மகளுக்கு அனுப்புவது.

இன்றைய நிலைக்குப் புதிய முதற்சிட்டை எடுப்பது.

அன்று பேசியது யார் என்று பழுதுபார்ப்பவரிடம் சொல்வது.